அம்மா வந்தாச்சு

ஜனவரி 11

அன்புள்ள சில்லுவுக்கு,

அண்ணன் எழுதுறது. தரை மேல நாங்க ரெண்டு பேரும் நலம். தண்ணி மேல நீ எப்படி இருக்கேன்னு எழுது.

நலம்னு எழுதினது முழு உண்மை இல்ல. போன வாரம் அம்மா குளியலறையில சரிஞ்சு விழுந்துட்டாங்க. இடது கையும் காலும் இழுத்துக்கிச்சு. பக்கவாதம்னு டாக்டர் சொன்னார். பேச்சு போகல, ஆனா ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு யோசிச்சுத்தான் வருது. மூளை எப்பவும் போலத் தெளிவு. நேத்து என் சட்டைக் காலரைக் காட்டி "அழுக்கு"ன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து டிவிக்கு எதிரே போட்டுட்டேன். லீவுல வந்தப்ப நீ பாதியில விட்டுட்டுப் போன அந்தக் கோட்டை வீடியோ விளையாட்டை நான் தொடர்றேன். லேப்ல நாள் பூரா அடுத்தவங்களுக்குப் பல்லு செஞ்சுட்டு வந்து, சாயங்காலம் நான் வௌவாலுங்ககிட்ட கடி வாங்குறேன். அம்மா படுத்தபடியே பார்க்குறாங்க. ஹீரோவுக்குக் "கோட்டுக்காரன்"னு பேர் வெச்சிருக்காங்க.

உன் வித்தை எப்படி வந்துச்சுன்னு நேத்து அம்மாகிட்ட சொன்னேன். உன்னைத் துணி காயப்போடச் சொல்லிட்டுப் போன அம்மா திடீர்னு திரும்பி வந்ததும், கோட்டுக்காரன் அந்தரத்துல இருக்கும்போதே நீ நிறுத்துற பட்டனை அமுக்கிட்டு நல்ல பிள்ளை மாதிரி உக்காந்தது. அம்மா போனதும் கீழ்ப்பட்டனைப் பிடிச்சுக்கிட்டே நிறுத்தினதை எடுத்துவிட்டப்ப, அவன் காத்துலயே இன்னொரு தடவை எகிறினது. எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வித்தை. அதுக்கு நாம வெச்ச பேர் "அம்மா வந்தாச்சு"ன்னதும் வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு அம்மா சிரிச்சாங்க. இப்ப அந்தப் பேர் தெரிஞ்சவங்க உலகத்துல மூணு பேர்.

மணிக்கூண்டுக்கு மேல போக வழி தெரியல. உன் கப்பல்லயும் அதே விளையாட்டு இருக்குன்னியே, வழி தெரிஞ்சா எழுது. வழக்கம்போல கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கிற உன் தோழி மூலமாத்தான் இதை அனுப்புறேன். எலக்ட்ரீஷியன் வேலை, கரண்ட்ல கையை வைக்கும்போது நினைப்பு வேலையில இருக்கட்டும்.

அண்ணன்


பிப்ரவரி 6

அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் சில்லு எழுதுறது. எனக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கறுத்துட்டேன், அவ்வளவுதான். உங்க கடிதம் கிடைச்ச நாள்லருந்து மனசு ஒரு இடத்துல நிக்கல.

அம்மாவோட கையை வெந்நீர்ல வெச்சு விரலை ஒவ்வொண்ணா நீவி விடு. இங்க ஒரு சமையல்காரருக்கு அப்படித்தான் சரியாச்சாம்.

எஞ்சின் ரூம்ல வெக்கை தாங்கல. ஒரு பம்ப் மோட்டார் தினமும் கோவிச்சுக்கிட்டு நின்னுடுது, நான்தான் சமாதானம் பண்றேன். சாப்பாட்டு அறையில ஒரே டிவி, ஒரே கன்ட்ரோலர், அதுலயும் பாதி டேப்புதான். எனக்கு முறை வர்றது அபூர்வம்.

மணிக்கூண்டுக்கு நேர் வழி கிடையாது. கோட்டையில இருக்கிற மெழுகுவத்தியை எல்லாம் உத்துப் பாரு. எல்லாச் சுடரும் ஆடும். எங்கேயாவது ஒண்ணு ஆடாம நின்னா, அதுக்குப் பின்னாடி இருக்கிறது பொய்ச் சுவர். உடைஞ்ச தேவாலயத்துல அந்தப் பெரிய ஆர்கனுக்கு வலது பக்கம் அப்படி ஒண்ணு இருக்கு. தட்டிப் பாரு.

ஜூலையில கான்ட்ராக்ட் முடியுது. நேரா வீட்டுக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் அம்மா கோட்டுக்காரனைச் சாகவிடாம பார்த்துக்கட்டும்.

உன் முதுகையும் கொஞ்சம் கவனிச்சுக்கோ. ஆளைத் தூக்குற வேலை சாதாரணம் இல்ல.

சில்லு


மார்ச் 9

சில்லுக்குட்டிக்கு,

அண்ணன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்குதான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. கேட்டாச்சு.

மெழுகுவத்தி வேலை செஞ்சுது. சுடர் ஆடலைன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, அம்மா. வலது கையை நீட்டி "அது"ன்னாங்க. சுவரைத் தட்டினா பொலபொலன்னு உதிருது, உள்ள ஒரு படிக்கட்டு. அன்னிக்கு அவங்க எப்பவும்விட ரெண்டு வாய் அதிகமா சாப்பிட்டாங்க.

உதவிக்கு வெச்ச ஆயா ஒரு மாசம் இருந்துட்டு வேலையை விட்டு நின்னுட்டாங்க. குளிப்பாட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நான்தான். முதல் தடவை அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நான் லேப்ல நடந்த கதையை எல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே செஞ்சேன். இப்ப பழகிடுச்சு. சுவர்ல ஒரு உலக வரைபடம் ஒட்டி, உன் கப்பலுக்கு ஒரு சிவப்பு ஊசி குத்தி வெச்சிருக்கேன். தினமும் காலையில எழுந்ததும் "எங்க?"ன்னு கேப்பாங்க. நான் ஒரு நூல் அளவு நகர்த்துவேன்.

இன்னொரு சேதி. வெளிநாட்டுல ஒரு பெரிய லேப்ல என்னை எடுத்திருக்காங்க. பீங்கான் பல்லுல ரெண்டு வருஷம் பயிற்சியும் வேலையும். பல வருஷமா நான் கேட்டுக்கிட்டு இருந்தது உனக்குத் தெரியும். ஆகஸ்டுல சேரணும். நீ ஜூலையில வந்து அந்த ரெண்டு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கிட்டேன்னா நான் போயிட்டு வந்துடுவேன். பொண்ணு கையால பார்த்தா அம்மாவுக்கும் சௌகரியம். நீ என்ன நினைக்கிறேன்னு சீக்கிரம் எழுது. அந்த லேபுக்கு நான் பதில் சொல்லணும்.

காத்திருக்கும் அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவோட கையும் காலும் எப்படி இருக்கு? மருந்தை மாத்தினாங்களா?

கோட்டைக்குக் கீழ கல்லறைக் கூடம் இருக்கே, அங்க வரிசையா சவப்பெட்டி இருக்கும். மூணாவது பெட்டி மேல ஏறிக் குனிஞ்சு அப்படியே இரு. எலும்புக்கூடு வந்து குத்தினாலும் அசையாதே. கொஞ்ச நேரத்துல பெட்டி லிப்ட் மாதிரி கீழ இறங்கும். கீழ தண்ணி நிறைஞ்ச ஒரு நூலகம். அங்க முன்னாடி நடக்காதே, பின்பக்கமா நழுவிக்கிட்டே போ. கோட்டுக்காரன் நடக்கிறதைவிட நழுவுறது வேகம், அங்க இருக்கிற நிழல் பெண்களால அவனைப் பிடிக்க முடியாது. அலமாரிக்குப் பின்னால உடைஞ்ச கண்ணாடி ஒண்ணு இருக்கும். அதுக்கு முன்னாடி நின்னு நீ அடிச்சா பிம்பம் திருப்பி அடிக்கும். அடிக்காம முதுகைக் காட்டி நில்லு. பிம்பம் கண்ணாடியை விட்டு வெளிய வந்து உனக்குப் பதிலா கதவைத் திறந்துவிடும். இதெல்லாம் எதேச்சையா கிடைச்சுது.

கான்ட்ராக்டை நீட்டிட்டாங்க. ஜூலையில இறங்க முடியாது. கம்பெனி விடல. எப்பன்னு தெரியல.

கடிதங்கள் எல்லாம் ஆபீஸ் பையில சேர்ந்து வந்து உள்ளூர்ல தபால் போடுறதால வெளிநாட்டு ஸ்டாம்ப் இருக்காது. அம்மா ஸ்டாம்ப் கேட்டா அதைச் சொல்லிடு.

சில்லு


மே 15

அன்பான சில்லுவுக்கு,

நாங்க இருக்கிறபடி இருக்கோம். நீ இருக்கிற இடத்துல மழையா வெயிலா?

சவப்பெட்டி லிப்டுல அம்மாவும் நானும் இறங்கினோம். எலும்புக்கூடு குத்தும்போது "அசையாதே"ன்னு என்னைத்தான் அதட்டுறாங்க. கண்ணாடி வித்தை பிரமாதம். முறை வர்றது அபூர்வம்னு சொன்னியே, எதேச்சையா இவ்வளவு கிடைக்குதா? உனக்கு மச்சம்தான்.

அந்த லேப் வேலையைப் பத்தி உன் கடிதத்துல ஒரு வார்த்தை இல்ல. அவசரத்துல விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். பரவாயில்ல. வர முடியலைன்னு அவங்களுக்கு எழுதிட்டேன். என் இடத்துல வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க. மனசுல வெச்சுக்காதே. கடலைத் தள்ளிக்கிட்டு உன்னால வர முடியுமா?

அம்மாவுக்குப் பேச்சு இன்னும் குறைஞ்சுடுச்சு. நான் லேப்ல இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்துக்குறாங்க. ஒரு உதவி செய். விளையாட்டை விட்டுட்டு ஒரு கடிதம் அம்மாவுக்குன்னே எழுது. கடல் எப்படி இருக்குன்னு எழுது. ஊசியைப் பார்த்துப் பார்த்து அவங்களுக்கு அலுத்துப்போச்சு.

அண்ணன்


ஜூன் 12

அம்மாவுக்குச் சில்லு எழுதுறது. அண்ணா மெதுவா படிச்சுக் காட்டட்டும்.

அம்மா, நாலு பக்கமும் தண்ணியா இருக்கிறதால பயமா இருக்கும்னு நீங்க சொல்லுவீங்க. பயம் இல்லம்மா. காலையில அது தகரம் மாதிரி இருக்கும். மதியம் பார்த்தா யாரோ நீலத்துணியை உதறிக் காயப்போட்டு, கிளிப் போட மறந்துட்ட மாதிரி படபடன்னு இருக்கும். சாயங்காலம் வெயில் சாயும்போது கப்பலோட நிழல் எங்களுக்கு முன்னால ஓடும். நான் வேலை முடிச்சு மேல வந்து கம்பியில சாஞ்சு நிப்பேன். எஞ்சின் அதிர்வு உள்ளங்கால்ல ஏறும். நீங்க மெஷின்ல தைக்கும்போது நான் மேஜைக்கு அடியில படுத்துத் தூங்குவேனே, அதே அதிர்வு. அதனால இங்கயும் எனக்கு நல்லாத் தூக்கம் வருது.

அண்ணன் சொன்னதைக் கேட்டு மருந்து சாப்பிடுங்க. அவன் ஊட்டுறது பிடிக்கலைன்னா கடிங்க, பல்லு அவன் செஞ்சதுதானே.

உங்க சில்லு


ஜூலை 29

சில்லுவுக்கு,

இதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ எங்க இருந்தாலும் ஒரு இடத்துல உக்காந்துட்டு மேல படி.

அம்மா போயிட்டாங்க. ஒரு சனிக்கிழமை காலையில, கஞ்சி குடுக்கலாம்னு எழுப்பினேன். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாங்க. ஊசியை நகர்த்தணும்னு நினைச்சு எழுந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள மூச்சு இல்ல.

உடனே ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். உன் தோழிதான் எடுத்தா. கப்பல் நடுக்கடல்ல இருக்கு, ரேடியோ சரியில்ல, சேதி போய்ச் சேர நாளாகும்னு சொன்னா. பாவம், அவளுக்கே குரல் தழுதழுத்துப்போச்சு. எல்லாரும் சீக்கிரம் எடுத்துடலாம்னாங்க. நான் சாயங்காலம் வரைக்கும் விடல. நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் வாசல் பக்கம் யார் நிழல் விழுந்தாலும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

உன் கடல் கடிதத்தை ஒரு நாளைக்கு மூணு தடவையாவது படிக்கச் சொல்லுவாங்க. மேஜைக்கு அடியில நீ தூங்கின இடம் வந்ததும் கண்ணை மூடிக்குவாங்க. அதைத் தலையணைக்கு அடியிலயே வெச்சிருந்தாங்க. நான் அதை அவங்களோடயே அனுப்பிட்டேன்.

உன் மேல ஒரு தப்பும் இல்ல. வர முடியலையேன்னு உன்னை நீயே வாட்டிக்காதே. அம்மாவுக்கு உன் மேல துளி வருத்தம் கிடையாது. எனக்கும் கிடையாது.

அண்ணன்


ஆகஸ்ட் 24

அண்ணா,

துறைமுகத்துக்கு வந்ததும்தான் கடிதம் கைக்குக் கிடைச்சுது. கப்பல்ல எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. என்ன எழுதுறதுன்னு தெரியல.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டுல தனியா இருக்காதே.

சில்லு


அக்டோபர் 17

சில்லுவுக்கு,

இந்தக் கடிதத்தை ஏஜென்ட் ஆபீசுக்கு அனுப்பல. கவர் மேல இருக்கிற முகவரியைப் பார்த்தவுடனே உனக்குப் புரிஞ்சிருக்கும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

எங்க லேப்ல பல்லு சுடுற சின்னச் சூளையில கம்பி எரிஞ்சுபோச்சு. அதைச் சரிபண்ண நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன், நீ இருக்கிற நகரத்துக்கு. பஸ்ல நாலு மணி நேரம். வேலை முடிய மதியம் ஆகும்னு சொன்னாங்க. பொழுது போகாம சந்தைக்குப் பின்பக்கம் இருக்கிற பழைய விளையாட்டு மெஷின் கடைக்குள்ள நுழைஞ்சேன். அம்மா போனதுக்கப்புறம் நான் அந்தக் கோட்டையைத் தொடவே இல்ல. அங்க டிவியில அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்காரர், ஒரு கன்ட்ரோலரை ரிப்பேர் பண்ணி அது வேலை செய்யுதான்னு பார்த்துக்கிட்டு இருந்தார். கோட்டுக்காரன் குதிச்சான். அந்தரத்துல நின்னான். திரும்ப எகிறினான்.

நான் கிட்டப் போயிட்டேன்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"புத்தகத்துல எல்லாம் கிடைக்காது சார்" அப்படின்னு பெருமையா சிரிச்சார். "இதுக்குப் பேரு அம்மா வந்தாச்சு."

நம்பு, முதல்ல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. கப்பல்ல யாருக்கோ நீ சொல்லி, அது துறைமுகம் துறைமுகமா கைமாறி இங்க வந்து நிக்குதுன்னு நினைச்சேன். அம்மாகிட்ட சொல்லணும்னு கூட ஒரு கணம் தோணுச்சு.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"நம்ம கரண்ட் அக்கா. லிப்ட் கம்பெனியில வேலை. வேலை விட்டுப் போகும்போது தினமும் வருவாங்க. சவப்பெட்டி, கண்ணாடி, எல்லாம் இந்த ஸ்டூல்ல உக்காந்து அவங்க கண்டுபிடிச்சதுதான்."

"எத்தனை நாளா?"

"மார்ச் கடைசியில வந்தாங்கன்னு ஞாபகம். ஏன் சார், தெரிஞ்சவங்களா?"

சலவைக்கடைக்கு மேல ரெண்டாவது மாடின்னு அவரே வழி சொன்னார். மணியை அடிச்சேன். உன்கூட அறையில இருக்கிற தையல்காரப் பெண் கதவைத் திறந்தா, கழுத்துல அளவு டேப்போட. நீ வேலைக்குப் போயிருக்கேன்னு சொன்னா. நீங்க யாருன்னு கேட்டா. வாய் கூசாம, லிப்ட் கம்பெனின்னு சொல்லிட்டேன். நம்ம ரத்தம்தானே, பொய் தடையில்லாம வருது. தண்ணி குடுத்தா, உக்காந்தேன். அலமாரி மேல என் கடிதங்கள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன் போல.

"அது அவளோட அண்ணன் எழுதுறது. கப்பல்ல இருக்கார்" அப்படின்னா.

நான் எந்தக் கப்பல்லம்மா இருக்கேன்?

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"ன்னு கேட்டேன்.

"அம்மா இவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்களாம். பாவம், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவா. நாங்களும் கேக்கறது இல்ல."

அந்தத் தண்ணியைக் குடிச்சு முடிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு, முழுசா குடிச்சேன். இறங்கி வந்து சூளையை வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

நீ வரலைங்கறதை நான் எப்பவோ ஜீரணிச்சுட்டேன். வேலை போனதும் போனதுதான். ஆனா காதுல பூ சுத்துறவங்களைப் பார்த்திருக்கேன், நீ ஒரு கடலையே சுத்தியிருக்க. நான் தினமும் காலையில அந்தச் சுவர் முன்னால நின்னு ஊசியை நகர்த்தினேன். நீ அந்த நேரத்துக்கு அங்க லிப்ட்ல ஏறி இறங்கிக்கிட்டு இருந்த. அம்மா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே, இன்னொரு ஊர்ல அவங்க பல வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போயிருக்காங்க. அதை நீதான் செஞ்சிருக்க.

உன் உடம்பு நல்லாத்தான் இருக்கும். கேக்கத் தோணல.

அண்ணன்


நவம்பர் 20

அண்ணா,

நலமான்னு கேக்குற வாய் எனக்கு இல்ல. ஆனா கேக்காம இருக்கவும் முடியல.

ஒரு மாசமா எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன். மார்ச்ல உன் கடிதம் வந்தப்ப நிஜமாவே கப்பல்லதான் இருந்தேன். அடுத்த துறைமுகத்துலயே வேலையை விடுறதா எழுதிக் குடுத்துட்டு இறங்கிட்டேன். ஆமா, வீட்டுக்கு வரத்தான் இறங்கினேன். வர்ற வழியில இந்த நகரத்துல ஒரு ராத்திரி தங்கினேன். அன்னிக்கு உன் கடிதத்தை மறுபடி படிச்சேன். "பொண்ணு கையால பார்த்தா சௌகரியம்." நீ என்கிட்ட கேக்கல அண்ணா. முடிவு பண்ணிட்டு என்ன நினைக்கிறேன்னு எழுதுன்னு சொன்ன. ரெண்டு வருஷம்னு எழுதினா அது அஞ்சாகும்னு எனக்குத் தெரியும். நீ அங்கயே இருந்துடுவ. நான் வந்துட்டா எல்லாரும் கையைக் கழுவிட்டு, நல்ல பொண்ணுன்னு ஒரு பேரைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நான் எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். வேலை கிடைச்சுது. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. கப்பல்ல இருக்கேன்னு எழுதினா யாருக்கும் கோவம் வராதுன்னு தோணுச்சு. கடிதங்களைக் கைமாத்தி விட்ட ஆபீஸ் தோழி பல தடவை சண்டை போட்டா, அவளைத் திட்டாதே. அறையில இருக்கிறவகிட்ட அம்மா இருக்காங்கன்னு சொல்லியிருந்தா, ஏன் போய்ப் பார்க்கலைன்னு முதல் நாளே கேட்டிருப்பா. அதான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போது வெறும் வார்த்தைதானேன்னு இருந்துச்சு.

அந்தச் சனிக்கிழமை தோழி எனக்கும் போன் பண்ணினா. பஸ் பிடிச்சு வந்தேன். மூணு மணி வாக்குல நம்ம தெருவுல, எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கடை ஓரமா நின்னேன். நீ வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டு இருந்த. நான் உள்ள வந்தா எங்கேருந்து வந்தேன்னு சொல்லணும். அது முடியல. திரும்பிட்டேன்.

கடல் கடிதத்துல அந்தத் தையல் மெஷின் அதிர்வு மட்டும் பொய் இல்ல அண்ணா.

நான் வரலாமா?

சில்லு


ஜனவரி 14

சில்லுவுக்கு,

அண்ணன் எழுதுறது. இருக்கேன்.

பதில் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். லேப்ல பல் அச்சுக்கு மெழுகைச் சூடு பண்ணும்போதெல்லாம் உன் கடிதத்துல ஏதாவது ஒரு வரி வந்து நிக்குது.

மார்ச்ல நான் எழுதின அந்த வரி. நீ சொன்னது சரி. நான் கேக்கல, உன் தலையில கட்டிட்டேன். அதுக்கு நீ "முடியாது"ன்னு ஒரே வார்த்தை எழுதியிருந்தா, நான் கொதிச்சிருப்பேன், அம்மாகிட்ட உன்னைத் திட்டியிருப்பேன். அவங்க "விடு"ன்னு சொல்லியிருப்பாங்க. அதோட முடிஞ்சிருக்கும். மாசத்துக்கு ஒரு நாள் நீ பஸ் ஏறி வந்து கட்டில் ஓரமா உக்காந்திருக்கலாம். அதுகூட வேண்டாம், நீ பக்கத்து ஊர்ல இருக்கேன்னு தெரிஞ்சிருந்தாலே அவங்க சுவரைப் பார்க்குறதுக்குப் பதிலா வாசலைப் பார்த்திருப்பாங்க.

கண்ணாடிக் கடை ஓரமா நின்னேன்னு எழுதினது எனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சியா? அதைப் படிச்ச நாள்லருந்து அந்தப் பக்கமா நடக்க முடியல. தெருவைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போறேன்.

வரலாமான்னு கேட்டிருக்க. இது உன் வீடும்தான், வராதேன்னு சொல்ல நான் யார். ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய். உன்கூட இருக்கிற அந்தப் பெண்ணை உக்கார வெச்சு, உனக்கு ஒரு அம்மா இருந்தாங்கன்னு சொல்லு. ஜூலை மாசம் வரைக்கும் இருந்தாங்கன்னு சொல்லு. அவங்க எப்படி இருந்தாங்கன்னும் சொல்லு. அந்த ஊர்ல அவங்களை நீதான் சாகடிச்ச, நீதான் எழுப்பணும். என்னால அது முடியாது.

அதைச் செய்யாம இந்தப் படியில கால் வைக்காதே.

அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

உன் முதுகு எப்படி இருக்குன்னு தெரியல. இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவ ஒரு கவுனுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தா. மெஷினை நிறுத்தச் சொல்லி, எதிர்ல உக்காந்து சொன்னேன். முதல்ல அவளுக்குப் புரியல. "எந்த அம்மா?"ன்னு கேட்டா. என் அம்மான்னேன். அக்டோபர்ல லிப்ட் கம்பெனின்னு சொல்லிட்டு வந்தவர் லிப்ட்காரர் இல்ல, என் அண்ணன்னும் சொன்னேன். அவ ரொம்ப நேரம் துணியையே நீவிக்கிட்டு இருந்தா. அப்புறம் அம்மா பேர் என்னன்னு கேட்டா. பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரல அண்ணா. நான் அந்தப் பேரை எப்ப கடைசியா சொன்னேன்னே தெரியல. ஒரு துண்டுத்துணியில சாக்பீஸால எழுதிக் காட்டினேன். அவ அதை வாசிச்சுட்டு, "ஜூன் மாசம் என் பிறந்தநாளுக்கு நாம விடிய விடியச் சிரிச்சுக்கிட்டு இருந்தோமே, அப்ப அவங்க இருந்தாங்களா?"ன்னு கேட்டா. இருந்தாங்கன்னு சொன்னேன். எழுந்து உள்ள போயிட்டா.

அம்மா எப்படி இருந்தாங்கன்னும் சொன்னேன், மறுநாள். தைக்கும்போது குண்டூசியை வாயில கவ்விக்கிட்டே நம்மளைத் திட்டுறது, யார் எந்தத் துணியைக் கொண்டுவந்தாலும் முதல்ல மோந்து பார்க்கிறது. அவ தலை நிமிராமலேயே கேட்டுக்கிட்டா. ரெண்டு தடவை சிரிச்சா. கேள்வி எதுவும் கேக்கல.

அறையை விட்டு அவ போகல. ஆனா என்கிட்ட பழைய மாதிரி இல்ல. சோப்பு வாங்கிட்டேன்னு சொன்னாக்கூட, ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்து "நிஜமாவா?"ன்னு கேக்குறா. குத்திக் காட்டுறதுக்காக இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறா. நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்றேன்.

சனிக்கிழமை காலை பஸ்ல வரேன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உன் இஷ்டம். வாசல்ல இருப்பேன்.

நிஜமா.

சில்லு